கழற்றி வைத்த ஸ்டீயரிங்

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

நானும் உன் அத்தானும் இருக்கிறபடி இருக்கிறோம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை பட்டறையில் இரும்புத்தூளையே தின்று காலம் தள்ளுகிறாயா? போன வாரம் போனில் அரை மணி நேரம் கத்தினேன். நீ எல்லாவற்றுக்கும் "சரி சரி" என்றாய். ஒன்றுமே கேட்கவில்லை என்று அப்போதே தெரிந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி ஓடி வந்து யாருக்கு என்ன ஆச்சு என்று விசாரித்ததுதான் மிச்சம். லேத் மிஷின் உன் காதைத் தின்று ஏப்பமும் விட்டாயிற்று. இனிமேல் டமாரத்துக்குக் கடிதம்தான்.

விஷயம் என் சக்களத்தியைப் பற்றியது. அதுதான், உன் அத்தானின் சிவப்புக் கார். இரண்டே பேர் உட்காரும் வண்டி, தரையோடு தரையாகக் கிடக்கும். முப்பது வருஷமாக என் நல்ல துணியெல்லாம் அதன் மேனியைத் துடைத்தே கிழிந்தது. இப்போது அவருக்கு முழங்கால் மடங்குவதில்லை. தொந்தி ஸ்டீயரிங்கில் இடிக்கிறது. ஒரு காலை உள்ளே வைத்தால் மறு கால் வெளியே நின்று வழக்காடுகிறது. பந்தயக் கார்களில் கழற்றி மாட்டுகிற ஸ்டீயரிங் இருக்கிறதாமே, அதில் ஒன்றைப் பார்சலில் வரவழைத்துவிட்டேன். ஆனால் நம் வண்டியின் ஸ்டீயரிங் தண்டில் அது உட்காரமாட்டேன் என்கிறது. நடுவில் ஒரு துண்டு கடைந்து போட வேண்டுமாம். உன்னை விட்டால் எனக்கு யார்?

ஒன்று மட்டும் சொல். அது முழுசாகக் கழன்று கையோடு வந்துவிடுமா? வீட்டுக்குள் எடுத்துக்கொண்டு போகலாமா? அது இல்லாமல் வண்டியை ஓட்டவே முடியாதுதானே?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா

*

ஜனவரி 21

அன்புள்ள அக்காவுக்கு,

காதைத் தவிர மற்ற உறுப்பெல்லாம் சௌக்கியம். அங்கே உன் முதுகு வலியும் அத்தானின் முழங்காலும் எப்படி? சக்களத்திக்கு நகை செய்யச் சொல்லி ஒருத்தி தம்பிக்கே கடிதம் எழுதிய அதிசயத்தைப் பட்டறையில் எல்லாரிடமும் காட்டினேன்.

முழுசாகக் கழன்று வரும். பின்பக்கம் ஒரு வளையம் இருக்கும். அதை உன் பக்கமாக இழுத்தால் ஸ்டீயரிங் கையில். சாப்பாட்டு மேஜையில் தட்டு மாதிரி வைத்துக்கொள்ளலாம். திருட்டுப் பயத்தால்தான் கேட்கிறாய் என்று நினைக்கிறேன். அது இல்லாமல் எந்தக் கொம்பனாலும் வண்டியை நகர்த்த முடியாது. அந்த வண்டியைத் திருட வருகிறவன் முதலில் அதை ஸ்டார்ட் பண்ணக் கற்க வேண்டும், பாவம்.

தண்டின் நுனியில் சுற்றிலும் பல் பல்லாக வெட்டியிருக்கும். எத்தனை பல், தண்டு எத்தனை மில்லிமீட்டர், இரண்டும் எனக்கு வேண்டும். அத்தானையே எண்ணச் சொல். வாழ்நாள் முழுக்க ஊரார் பல்லை எண்ணிய வைத்தியருக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

எனக்குச் சோறு போடுவது அத்தான் கையைப் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்ட தொழில். அவருக்குச் செய்யாமல் வேறு யாருக்குச் செய்யப்போகிறேன்.

உன் தம்பி

*

பிப்ரவரி 4

அருமை மச்சானுக்கு,

நான் சுகம். நீ சுகமாக இருப்பதை உன் அக்காவுக்கு வந்த கடிதத்தைத் திருட்டுத்தனமாகப் படித்துத் தெரிந்துகொண்டேன்.

பழைய ஸ்டீயரிங்கின் நடு மூடியையும் நட்டையும் மட்டும் எடுத்தேன், தண்டின் பல் நுனி வெளியே எட்டிப் பார்த்தது, எண்ணினேன். முதல் தடவை முப்பத்தாறு. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை எண்ணினேன், முப்பத்தைந்து. சாப்பிட்டுவிட்டு வந்து எண்ணினால் முப்பத்தெட்டு! மனுஷ வாயில் முப்பத்திரண்டுக்கு மேல் எண்ணிப் பழக்கமில்லை, என்ன செய்ய. உன் அக்கா, "நான் எண்ணிப் பாக்கட்டுமா?" என்றாள். "நாப்பது வருஷம் தொழில் பண்ணினவனுக்கு நீ எண்ணிக் காட்டப்போறியா?" என்று விரட்டிவிட்டேன். அவள் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அப்படிப் பேசியிருக்க வேண்டாம்.

ஆகவே எண்ணுகிற வேலையையே விட்டேன். பல் செட்டுக்கு அச்சு எடுப்போமே, ரப்பராக இறுகுகிற பசை, அதைக் குழைத்துத் தண்டின் நுனியில் அப்பி, இறுகியதும் உருவி எடுத்தேன். பஞ்சில் சுற்றி இத்துடன் அனுப்புகிறேன். தண்டு கொஞ்சம்கூட அழவில்லை. இவ்வளவு பொறுமையான நோயாளியை நான் பார்த்ததே இல்லை. இனி நீயாச்சு, பல்லாச்சு.

அன்புடன்
உன் அத்தான்

*

பிப்ரவரி 26

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நான் நலம். உங்கள் இருவர் நலத்தையும் எழுதுங்கள்.

அச்சு வந்தது. அதை விளக்கடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு மயிரிழை பிசகில்லை. சரியாக முப்பத்தாறு பல், உங்கள் முதல் எண்ணிக்கையேதான். உங்கள் கைக்கு வயசே ஆகவில்லை அத்தான். அதைப் பார்த்து உள்பற்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். இரண்டு துண்டு கெட்டது, மூன்றாவது அமைந்தது. அதைத்தான் அனுப்புகிறேன்.

பழைய ஸ்டீயரிங்கைக் கழற்றும்போது நடு நட்டை முழுசாக எடுத்துவிடாதீர்கள். நுனியில் இரண்டு சுற்று இருக்கட்டும். இல்லாவிட்டால் இழுத்த வேகத்தில் ஸ்டீயரிங் மூஞ்சியில் அடிக்கும். பல் வைத்தியருக்கே பல் போனால் ஊர் சிரிக்கும். முன்சக்கரம் நேராக இருக்கும்போது துண்டை ஏற்றுங்கள். மேல்பக்கம் வரவேண்டிய இடத்தில் வெள்ளைப் புள்ளி வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. ஸ்டீயரிங்கை அமுக்கினால் "டக்" என்று சத்தம் வரும். அதை நம்பாதீர்கள். உங்கள் பக்கமாக இரண்டு தடவை பலமாக இழுத்துப் பார்த்த பிறகுதான் வண்டியை எடுக்க வேண்டும். எனக்கு அந்த டக் கேட்காது. நான் கையைத்தான் நம்புவது.

உங்கள் மச்சான்

*

மார்ச் 15

அருமை மச்சானுக்கு,

சுகமாக இருக்கிறேன், சுகத்துக்கு நீதான் காரணம்.

மாட்டிவிட்டேன்! நீ எழுதிய காகிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் செய்தேன். பழைய ஸ்டீயரிங் முப்பது வருஷக் கடைவாய்ப்பல் மாதிரி வரமாட்டேன் என்று அடம்பிடித்தது. ஆட்டி ஆட்டி எடுத்தேன். உன் துண்டு தண்டில் ஏறிய அழகை நீ பார்த்திருக்க வேண்டும். தட்டவும் வேண்டாம், தடவவும் வேண்டாம், தானே போய் உட்கார்ந்தது. ஆறு போல்ட், ஹார்ன் ஒயர், எல்லாம் முடிந்து டக், அப்புறம் இரண்டு இழுப்பு.

இப்போது வண்டியில் ஏறுவது சோபாவில் உட்காருகிற மாதிரி. உள்ளே போய் அமர்ந்து, மடியில் இருக்கிற ஸ்டீயரிங்கை எடுத்து மாட்டிக்கொள்கிறேன். முதல் சவாரிக்கு உன் அக்காவை அழைத்தேன். "உங்க ஸ்டீயரிங் கழண்டா நீங்க பல்செட்டை மாட்டி ஓட்டுவீங்க, நான் வரலை" என்றாள். ஆனால் வந்தாள். திரும்பி வரும்வரை என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணமான புதிதில்கூட அப்படிப் பார்த்ததில்லை.

அன்புடன்
உன் அத்தான்

*

ஏப்ரல் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உன்னிடமிருந்து கடிதம் வந்து வெகு நாளாகிறது. முதுகு படுத்துகிறதா?

அத்தான் கடிதம் வந்தது. ஒரு வாரம் கழித்து அதே கடிதம் இன்னொன்றும் வந்தது. தேதிதான் வேறு, மற்றபடி வரிக்கு வரி அதேதான், பல்செட் ஜோக்கும் அதே இடத்தில். தபாலில் தொலைந்தால் இருக்கட்டும் என்று நகல் போட்டிருக்கிறார் போல. வைத்தியர் வைத்தியர்தான்! ஒரு கடிதமே போதும் என்று சொல். இரண்டையும் பட்டறைச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

வண்டி எப்படி ஓடுகிறது என்று நீ ஒரு வார்த்தை எழுதலாம். செய்தவனுக்கு அதுதான் கூலி.

உன் தம்பி

*

மே 8

அன்புள்ள தம்பிக்கு,

உன் உடம்புக்கு ஒன்றும் இல்லையே? என் முதுகுக்கு ஒரு கேடும் இல்லை. எழுதக் கை வரவில்லை, அதுதான் காரணம்.

அந்த இரண்டாவது கடிதம் நகல் இல்லையடா. அவர் எப்போதும் நோட்டில் எழுதிப் பார்த்துப் பிறகு நல்ல தாளில் படியெடுப்பார். அனுப்பியதை மறந்துவிட்டு அதே பக்கத்தை மறுபடி படியெடுத்திருக்கிறார். மூன்றாவதும் எழுதினார். அது என்னிடம் இருக்கிறது.

ஒரு வருஷமாகவே இப்படித்தான். கடைக்கு வண்டியில் போய்விட்டு நடந்து வந்தார், பிறகு வண்டியைக் காணோம் என்று போலீசில் எழுதிக் கொடுத்தார். டாக்டர் படம் எடுத்துப் பார்த்து மூளை சுருங்குகிறது என்றார். இனி ஓட்டக் கூடாது என்றும் சொன்னார். அதை இவரிடம் எந்த வாயால் சொல்வேன்? சாவியை ஒளித்தேன், இன்னொரு சாவி செய்துகொண்டார். அப்புறம்தான் இந்த ஸ்டீயரிங் யோசனை. முழங்காலுக்கு என்று சொல்லி உன்னை ஏமாற்றினேன். கழற்றி ஒளிக்கத்தான் அதைக் கேட்டேன். மாட்டிய பிறகு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து எடுக்க மனசு வரவில்லை. ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் உட்கார்ந்து போனேன்.

போன மாதக் கடைசியில் பள்ளிக்கூட வாசலில் பிரேக் எது என்று ஒரு நொடி காலால் தேடினார். முன்னால் இரண்டு குழந்தைகள் கைகோத்து நின்றன. ஒரு முழம்தான் இடைவெளி. அன்றைக்கே கழற்றித் தையல் அறையில் துண்டுத்துணி மூட்டைக்குள் வைத்துவிட்டேன். ஸ்டீயரிங்கில் ஏதோ பழுது, உனக்கு ரிப்பேருக்கு அனுப்பியிருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவர் கேட்டு எழுதினால் "ஆமாம், நாளாகும்" என்று மட்டும் எழுது. வேறு எதுவும் கேட்கவில்லை. இது ஒன்றைச் செய்.

உன் அக்கா

*

மே 22

அருமை மச்சானுக்கு,

நலம்தானே? நான் நலம், ஆனால் நடராஜா சர்வீஸ்.

ஸ்டீயரிங் எப்போது வரும்? உன் துண்டு தண்டில் ஆடுகிறது என்று உன் அக்கா சொல்கிறாள். நான் ஓட்டியவரை ஆடவில்லையே! உன் கையால் செய்தது இரண்டு மாதத்தில் பழுதாகும் என்று நான் நினைக்கவில்லை. காதுதான் போச்சு என்று பார்த்தால் கண்ணும் போய்விட்டதா? கோபப்படாதே, உன்னைச் சீண்டாமல் யாரைச் சீண்டுவேன். உன்னால் முடியவில்லை என்றால் சொல்லிவிடு, வேறு ஆளைப் பார்க்கிறேன்.

காலையில் எழுந்தால் போக ஓர் இடம் வேண்டும், மச்சான். அது இல்லாமல் மனுஷன் மேஜை நாற்காலி மாதிரி ஆகிவிடுகிறான்.

அன்புடன்
உன் அத்தான்

*

ஜூன் 5

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

வணக்கம். நான் நலம். நீங்கள் நலமாக இருக்க வேண்டும்.

என் வேலையில் பழுதில்லை. ஸ்டீயரிங் என்னிடம் வரவும் இல்லை. உங்களிடம் பொய் சொல்ல எனக்கு நாக்கு வராது. அது தையல் அறையில், துண்டுத்துணி மூட்டைக்குள் இருக்கிறது. அக்கா ஏதேதோ பயப்படுகிறாள். உங்கள் கடிதத்தையும் அந்த அச்சையும் பார்த்தவன் நான், எனக்கு அந்தப் பயம் இல்லை. அவளிடம் சண்டை போடாதீர்கள், பொறுமையாகப் பேசி வாங்கிக்கொள்ளுங்கள். இப்போதைக்குப் பக்கத்துத் தெருவரைக்கும் மெதுவாக ஓட்டினால் போதும்.

ஒருநாள் வண்டியை எடுத்துக்கொண்டு இங்கே வாருங்கள். நான் செய்தது எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று என் கண்ணால் பார்க்க வேண்டும்.

உங்கள் மச்சான்

*

ஜூலை 24

தம்பிக்கு,

என்ன ஆச்சு என்று கேட்டு நீ தந்தி மாதிரி அனுப்பிய மூன்று கடிதங்களும் வந்தன. பதில் எழுதும் நிலையில் இல்லை.

ஜூன் பன்னிரண்டாம் தேதி காலை, நான் மருந்துக் கடைக்குப் போயிருந்த நேரம், அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். தையல் அறை முழுக்கத் துண்டுத்துணி இறைந்து கிடந்தது. மறுநாள் சாயங்காலம் ஏதோ ஒரு நெடுஞ்சாலை ஓரத்தில் கண்டுபிடித்தார்கள். பெட்ரோல் தீர்ந்து, அந்த வெயிலில் தண்ணீர்கூட இல்லாமல் உட்கார்ந்திருந்தாராம். யார் மேலும் மோதவில்லை. வண்டியில் ஒரு கீறலும் இல்லை. உன் வேலையில் குறையில்லை.

இருபது நாள் ஆஸ்பத்திரி. இப்போது வீட்டில் இருக்கிறார். உன் கடிதம் சட்டைப் பையில் இருந்தது. உறையில் இருந்த எங்கள் விலாசத்தை வைத்துத்தான் விசாரித்து என்னைப் பிடித்தார்கள். ஆகவே நானும் படித்தேன்.

அக்கா

*

ஆகஸ்ட் 2

அக்கா,

நலம் விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லை.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கணக்கில்லை. 'உன் வேலையில் குறையில்லை' என்ற இடத்துக்கு வந்ததும் அதற்குமேல் படிக்க முடியவில்லை. நீ திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம்.

உண்மையைச் சொல்கிறேன். அத்தானுக்காகத்தான் எழுதினேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில்லை. நான் செய்தது ஆடுகிறது என்று அவர் நினைத்துவிட்டாரே, வேறு ஆளைப் பார்க்கிறேன் என்றாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. ஒரு இரும்புத் துண்டின் கௌரவத்துக்காக மனுஷனை விட்டுக்கொடுத்துவிட்டேன். அந்தப் பள்ளிக்கூட வாசலைப் பற்றி நீ எழுதியதைப் படித்தும்கூட, பெண்பிள்ளைப் பயம் என்று தள்ளினேன். அத்தான் எண்ணிய மூன்று எண்ணிக்கையும் என் கண்முன்னால்தான் இருந்தன. நான் அச்சை மட்டும் பார்த்தேன்.

எந்தப் பக்கம் போனார்? யாரைப் பார்க்கக் கிளம்பினார்? அவருடைய பழைய கிளினிக் பக்கமா? தெரிந்தால் எழுது. வர வேண்டும் என்று இரண்டு தடவை பெட்டி கட்டினேன். எந்த முகத்தோடு உன் வாசலில் வந்து நிற்பது என்று அவிழ்த்துவிட்டேன்.

உன் தம்பி

*

செப்டம்பர் 11

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம் என்று எழுதினால் பொய், ஆனால் நடமாடுகிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடுவதில்லை என்று உன் கையெழுத்தே சொல்கிறது. சாப்பிடு.

இத்தனை நாள் உன்மேல் ஆத்திரமாக இருந்தேன், அதை மறைக்கவில்லை. உன் கடிதத்தைக் கிழிக்கக்கூட எடுத்தேன். பிறகு யோசித்தால் என் யோக்கியதையும் அதுதான். நான் ஒளித்துவைத்தேன், நீ காட்டிக்கொடுத்தாய். இரண்டு பேரில் ஒருவராவது அவர் எதிரே உட்கார்ந்து, "உங்களுக்கு இப்படி ஆகுது, இனிமே வேண்டாம்" என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவரே கழற்றிக் கொடுத்திருப்பார். நோயாளியிடம் உண்மையைச் சொல்லாத வைத்தியனை அவருக்குப் பிடிக்காது. நம் இரண்டு பேருக்கும் அந்தத் தைரியம் இல்லாமல் போயிற்று.

எந்தப் பக்கம் போனார் என்று கேட்டாய். போன கடிதத்திலேயே எழுதியிருப்பேன், நீ தாங்கமாட்டாய் என்று விட்டேன். உன் ஊர்ப் பக்கம்தான் போனார். ஒருநாள் வாருங்கள் என்று நீ எழுதியிருந்தாயே. ஏழு மணி நேரம் ஒரு திருப்பம்கூடத் தப்பாமல் ஓட்டியிருக்கிறார். பாதி வழியில் சாலை இரண்டாகப் பிரிகிற இடத்தில்தான் அவருக்கு எல்லாம் விட்டுப்போயிருக்கிறது. கண்ணாடியைத் தட்டிய போலீஸ்காரரிடம், "மச்சான் கூப்பிட்டிருக்கான். போன் பண்ணி வழி கேக்கலாம்னா அவனுக்குக் காது கேக்காது" என்று சொன்னாராம். அந்த மனிதர் என்னிடம் இதைச் சொல்லும்போது சிரித்தார். நானும் சிரித்தேன், பிறகு அழுதேன்.

இப்போது காரைக் கேட்பதில்லை. கேட்க வேண்டியதில்லை, அவர் அதற்குள்ளேயேதான் இருக்கிறார். ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்ததும் இடுப்பில் பெல்ட்டைத் தடவிப் பார்க்கிறார். நான் பக்கத்தில் உட்கார வேண்டும். மணிக்கு நாலு தடவை, "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்கிறார். "கிட்டத்துல வந்தாச்சு" என்கிறேன். சாப்பிடவும் படுக்கவும் அந்த நாற்காலியை விட்டு எழுப்புவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வருகிறது. வழியில் இறங்க மாட்டாராம்.

நேற்று முடியாமல், "வந்து சேர்ந்தாச்சுங்க, இறங்குங்க" என்று சொல்லிப் பார்த்தேன். ஜன்னல் வழியாக வெளியே நன்றாகப் பார்த்துவிட்டு, "இல்லையே, வந்திருந்தா மச்சான் வாசல்ல நின்னிருப்பானே" என்றார்.

மன்னிப்பு கேட்டு இன்னொரு கடிதம் போடாதே. எந்த முகத்தோடு வருவது என்று கேட்டாயே, அந்த முகம் இங்கே ஒருவருக்குத் தேவைப்படுகிறது. கிளம்பி வா. உள்ளே வரக்கூட வேண்டாம், முதலில் வாசலில் வந்து நில். அவர் இறங்கட்டும்.

உன் அக்கா